நாடாவைத் தளர்த்துங்கள், கொடியை வெயிலில் கட்டுங்கள்

பொதிகையிலிருந்து இறங்கும் தாமிரபரணி சமவெளியைத் தொடும் இடத்தில் அமைந்தது நம் ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹார்வி சகோதரர்கள் அந்நீரின் விசையை நம்பியே இங்கே பஞ்சாலை நிறுவினர். அன்று முதல் பாபநாசத்துக்கும் விக்கிரமசிங்கபுரத்துக்கும் நூலும் துணியும் நெருங்கிய உறவு. துணியைத் தொட்டுப் பார்த்தே அது பருத்தியா, கலப்பா என்று சொல்லக்கூடியவர்கள் இங்கே பல வீடுகளில் உண்டு. அத்தகைய ஊரிலும் பெண்கள் பாராமல் வாங்கும் துணி ஒன்று இருக்கிறது. அது உள்ளாடை.

சேலை எடுக்கச் செல்லும் பெண் கரையைப் பார்க்கிறாள். முந்தானையை விரிக்கச் சொல்கிறாள். சாயம் போகுமா என்று கேட்கிறாள். அதே பெண் உள்ளாடைப் பகுதிக்கு வந்ததும் குரலைத் தாழ்த்தி, ஓர் எண்ணை மட்டும் சொல்லி, தரப்படும் பெட்டியைத் திறந்தும் பாராமல் பையில் போட்டுக்கொள்கிறாள். அந்த எண், திருமணத்துக்கு முன் அன்னை சொல்லிக்கொடுத்த எண்ணாக இருக்கும். இரண்டு மகப்பேறுகள் கடந்த பின்னும், உடல் பெருத்தோ இளைத்தோ போன பின்னும், எண் மட்டும் மாறுவதில்லை.

பகல் முழுவதும் தோலோடு ஒட்டியிருப்பது சேலையன்று, அதற்குள் இருப்பதே. அது இறுகினால் தோல் புண்ணாகும். ஈரமாக இருந்தால் படை பிடிக்கும். அளவு தவறினால் தோளும் முதுகும் நோகும். எனவே உள்ளாடையை நாணத்துக்குரிய பொருளாக ஒதுக்கிவைக்காமல், நலத்துக்குரிய பொருளாகக் கருத வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வேண்டுகோள். இது பெண்களுக்கு மட்டுமன்று, அவர்களைப் பேணும் குடும்பத்தாருக்கும் உரியது.

இடுப்பில் விழும் தடம்

முதலில் உள்பாவாடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் பகுதியில் ஐம்பது வயதைக் கடந்த பெண்களில் பெரும்பாலோர் நாள்தோறும் சேலை உடுத்துபவர்கள். சேலை நழுவாதிருக்கப் பாவாடை நாடாவை இறுக்கி, சுருக்கிட்டு, ஒரே இடத்தில் முடிச்சுப் போடுகிறார்கள். மாலையில் அவிழ்க்கும்போது இடுப்பைச் சுற்றி ஓர் ஆழ்ந்த தடம் தெரியும். ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த இடம் கறுக்கும், சிலருக்கு வெளுக்கும், தோல் தடித்துச் செதில் உதிரும், அரிக்கும். "அது சேலைத் தழும்புதானே" என்று விட்டுவிடுவது வழக்கம்.

அவ்வாறு விட்டுவிடக் கூடாது என்பதற்கு மருத்துவச் சான்று உண்டு. 1945-ஆம் ஆண்டிலேயே, இந்தியப் புற்றுநோய் ஆய்வின் முன்னோடியான கனோல்கரும் அவருடன் பணியாற்றிய சூரியாபாயும், வேட்டியை இறுகக் கட்டும் இடத்தில் தோன்றும் தோல் புற்றுநோயை விவரித்து எழுதினர். பிற்காலத்தில் சேலை உடுத்தும் பெண்களிடமும் அத்தகைய நோய் பதிவாயிற்று. 2024-ஆம் ஆண்டில் மகாராஷ்டிரத்தின் வார்தாவையும் பீகாரின் மதுபனியையும் சேர்ந்த மருத்துவர்கள், பி.எம்.ஜே. கேஸ் ரிப்போர்ட்ஸ் என்னும் இதழில் இரண்டு பெண்களின் நிலையை எழுதினர். ஒருவர் 70 வயதினர். பாவாடையை இடுப்பில் இறுகக் கட்டி வந்தவர். அவருடைய விலாவின் கீழே ஏற்பட்ட புண் 18 மாதங்களாக ஆறவில்லை. மற்றவர் அறுபதுகளின் பிற்பகுதியில் இருந்தவர். லுக்டா என்னும் சேலையை நாற்பது ஆண்டுகளாக இறுகக் கட்டி வந்தவர். அவருடைய புண் இரண்டு ஆண்டுகள் ஆறாதிருந்தது. இருவருக்கும் அது தோல் புற்றுநோய் என்று தசைத்துணுக்குச் சோதனையில் தெரிந்தது. இரண்டாமவருக்கு அது தொடை இடுக்கு நிணநீர் முடிச்சு வரை பரவியிருந்தது. குற்றம் சேலையில் இல்லை, இடையை அறுக்கும் இறுக்கத்தில்தான் இருக்கிறது என்பதால், இதைப் பாவாடைப் புற்றுநோய் என்று அம்மருத்துவர்கள் அழைத்தனர்.

இதைப் படித்து எவரும் அஞ்ச வேண்டியதில்லை. இது மிக அரிதான நோய். சேலை உடுத்தும் கோடிக்கணக்கான பெண்களுக்கு இது வருவதில்லை. ஆனால் அதற்கு முந்தைய நிலைகளான கறுப்பு, அரிப்பு, உராய்வுப் புண் ஆகியவை அரிதானவை அல்ல. குறிப்பாக நம் வட்டாரத்தில் பீடி சுற்றும் பெண்களை எண்ணிப் பாருங்கள். மடியில் சுளகை வைத்து, சம்மணமிட்டு, சற்றே குனிந்து, பல மணி நேரம் அமர்ந்திருக்கிறார்கள். குனிந்து அமரும்போது வயிறு முன்தள்ளுகிறது; நின்றபோது கட்டிய நாடா, அமர்ந்தபோது இன்னும் இறுகுகிறது. வியர்வையும் சேர்கிறது. வயலில் நாற்று நடும் பெண்ணுக்கும் இதே நிலைதான்.

இதற்கு வேண்டிய மாற்றங்கள் எளியவை. கயிறு போன்ற மெல்லிய நாடாவைக் கழற்றிவிட்டு, இரண்டு விரல் அகலமுள்ள பருத்திப் பட்டையைக் கோத்துக்கொள்ளலாம். இடுப்புப் பகுதியில் அகலப் பட்டி வைத்துத் தைத்த பாவாடையைத் தையற்காரரிடம் கேட்டு வாங்கலாம். முடிச்சை ஒரு நாள் இடப்புறம், மறுநாள் வலப்புறம் என்று மாற்றலாம். அமர்ந்த நிலையிலும் நாடாவுக்கும் தோலுக்கும் இடையே இரண்டு விரல்கள் எளிதாக நுழைய வேண்டும். வீட்டில் இருக்கும் நேரத்திலும் உறங்கும்போதும் தளர்வான உடை போதும். இடுப்புத் தடத்தில் மூன்று வாரங்களுக்கு மேல் ஆறாத புண்ணோ, கட்டியோ, நீர்க் கசிவோ இருந்தால், மஞ்சள் தடவிக் காத்திராமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஈரமும் இருளும்

ஆற்று நீராட்டு நம் ஊரின் பேறு. பாவாடையை மாரளவில் ஏற்றிக் கட்டிக்கொண்டு படித்துறையில் இறங்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது. நீராடுவதில் குறையில்லை. நீராடிய பின் ஈர உள்ளாடையின் மேலேயே உலர்ந்த சேலையைச் சுற்றிக்கொண்டு, கோயிலுக்குச் சென்று, பேருந்தில் ஏறி, வீடு வந்து சேர்வதில்தான் குறை. தொடை இடுக்கிலும் மார்பகத்தின் அடியிலும் இடுப்பு மடிப்பிலும் ஈரம் தங்கினால், அது பூஞ்சைக்கு விரித்த பாய். படர்தாமரை தோன்றுவதும், மடிப்புகளில் தோல் சிவந்து எரிவதும் பெரும்பாலும் இத்தகைய இடங்களில்தான்.

இன்றைய படை, நம் ஆச்சிமார் அறிந்த பழைய படை அன்று. 2020-ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆய்வாளர்கள், இந்தியாவிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்த நோயாளிகளிடம் கண்ட பூஞ்சைக்கு டிரைக்கோபைட்டான் இண்டோடினியே என்று பெயரிட்டனர். வழக்கமாகத் தரப்படும் டெர்பினாஃபின் மருந்துக்கு இது பல நேரங்களில் கட்டுப்படுவதில்லை. வீட்டில் ஒருவருக்கு வந்தால் துண்டு, படுக்கை, உடை வழியாக மற்றவர்க்கும் பரவுகிறது. எனவே ஒரு பெண்ணின் உள்ளாடைத் தூய்மை அவளுடைய தனிச் செய்தி மட்டுமன்று. அவள் மடியில் உறங்கும் குழந்தையின் நலமும் அதில் அடங்கியிருக்கிறது.

இங்கேதான் நம் வழக்கம் ஒன்றை வெளிப்படையாகக் கண்டிக்க விரும்புகிறேன். பெண்களின் உள்ளாடை வெயிலில் உலர்வதில்லை. குளியலறைக் கதவின் பின்புறத்திலோ, கட்டிலுக்கு அடியிலோ, கொடியில் ஈரச் சேலையின் மறைவிலோ உலர்கிறது. உலர்கிறது என்பதைவிட ஈரம் குறைகிறது என்பதே சரி. அதே கொடியின் மறுமுனையில் கணவரின் பனியனும் ஜட்டியும் ஊரறியக் காற்றாடிக்கொண்டிருக்கும். ஒரே வீட்டில் ஒரே துணிக்கு இரண்டு நீதி ஏன்? ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அரை ஈரத்தோடு அதை மறுநாள் அணிகிறபோது, நாணத்தைக் காத்ததன் விலையைத் தோல் செலுத்துகிறது.

வெயிலும் காற்றும் செலவில்லாத மருந்துகள். வீட்டின் பின்புறத்திலோ மொட்டை மாடியிலோ ஒரு கொடியைப் பெண்களுக்கென்றே கட்டுங்கள். படை இருப்பவர்களின் உள்ளாடையை மற்றத் துணிகளோடு சேர்க்காமல், 60 டிகிரி செல்சியஸ் அளவுள்ள வெந்நீரில் துவைத்து, உட்புறம் வெளியே தெரியத் திருப்பி உலர்த்துங்கள். மழைக்காலத்தில் தேய்ப்புப்பெட்டியால் ஒருமுறை தேய்த்து அணியுங்கள். வியர்வை மிகுந்தால் நாளுக்கு இரண்டு முறை மாற்றுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் இதில் இரட்டைக் கவனம் கொள்ள வேண்டும். சர்க்கரை கட்டுப்படாதபோது பூஞ்சைத் தொற்று எளிதில் வரும், அரிதில் போகும்.

அரிப்பு வந்தவுடன் கடையில் ஒரு டியூப் வாங்கித் தடவுவது அடுத்த தவறு. இத்தகைய களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. இரண்டு நாளில் அரிப்பு அடங்கும். ஆனால் பூஞ்சை அடங்காது, உருமாறிப் பரவும். தொடர்ந்து தடவினால் தொடைத் தோல் மெலிந்து அழியாத வரிகள் விழும். 2018-இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்ததன் காரணம் இதுவே. சொல்ல நாணி, மூன்று மாதம் தாமே களிம்பு தடவிய பின் வரும் பெண்ணைக் குணப்படுத்த, முதல் வாரத்தில் வருபவரைவிட நெடுநாள் பிடிக்கிறது.

அளக்காமல் வாங்காதீர்கள்

மூத்த பெண்கள் 'பாடி' என்றும் இளையவர்கள் பிரா என்றும் சொல்லும் மேல் உள்ளாடைக்கு வருவோம். 34, 36 என்று இஞ்சிலும், 85, 90 என்று சென்டிமீட்டரிலும் அட்டையில் எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். அவை குறிப்பது மார்பகத்தின் அடியில் உடலைச் சுற்றிவரும் பட்டையின் அளவையே. அதன் அருகிலுள்ள ஏ, பி, சி, டி என்னும் எழுத்து கிண்ணத்தின் ஆழத்தைக் குறிக்கிறது. பலர் எண்ணை மட்டுமே கேட்டு வாங்குகிறார்கள். எழுத்து பொருந்தாவிட்டால், எண்ணைப் பெரிதாக்கிக்கொள்கிறார்கள். அப்போது பட்டை தளர்ந்து முதுகில் மேலேறுகிறது. எடை முழுவதும் தோள்பட்டையில் தொங்குகிறது.

வீட்டிலேயே அளக்கலாம். தையல் நாடாவை மார்பகத்தின் அடியில் தரைக்கு இணையாகச் சுற்றி, மூச்சை வெளியே விட்டு அளந்து, வரும் எண்ணை அடுத்த இரட்டை எண்ணாகக் கொள்ளுங்கள். பின் மார்பகத்தின் மிக எடுப்பான பகுதியைச் சுற்றி இறுக்காமல் அளவுங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒரு இஞ்சானால் ஏ, இரண்டானால் பி, மூன்றானால் சி, நான்கானால் டி. நிறுவனத்துக்கு நிறுவனம் சிறிது மாறும் என்பதால், இதைத் தொடக்கமாக மட்டும் கொண்டு, அணிந்து பார்த்து உறுதி செய்ய வேண்டும்.

பொருத்தத்தை அறியும் அடையாளங்கள் சில. பட்டை முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். கையைத் தூக்கினால் அது மேலேறக் கூடாது. பட்டையின் அடியில் இரண்டு விரல் நுழையலாம். கை நுழையக் கூடாது. கிண்ணத்தின் மேலோ பக்கத்திலோ சதை பிதுங்கினால் அது சிறிது. துணி சுருங்கி மடிந்தால் அது பெரிது. தோளில் பள்ளம் விழுந்தால், தோள்பட்டையை நம்புவதை விட்டுப் பட்டையைச் சரிசெய்ய வேண்டும். தாங்க வேண்டியது பட்டையே. புதியதை முதலில் கடைசிக் கொக்கியில், அதாவது மிகத் தளர்வான கொக்கியில், மாட்டுங்கள். எலாஸ்டிக் தளரத் தளர உள் கொக்கிகளுக்கு வரலாம். முதல் நாளே உள் கொக்கியில் மாட்ட நேர்ந்தால் அந்த அளவு உங்களுக்கு உரியதன்று.

கீழ் உள்ளாடைக்கு இடுப்பைவிடப் பிட்டத்தின் சுற்றளவே முதன்மையானது. பருத்தித் துணி, அதிலும் கவட்டைப் பகுதியில் பருத்தி இரட்டைத் துணி, நம் வெப்பத்துக்கு ஏற்றது. நைலானும் பாலியெஸ்டரும் பார்வைக்கு வழவழப்பாக இருந்தாலும் வியர்வையை உறிஞ்சுவதில்லை. தொடையில் எலாஸ்டிக் தடம் ஆழமாக விழுந்தால் அடுத்த அளவை வாங்குங்கள். அட்டையில் உள்ள பெரிய எண்ணைக் கண்டு வருந்துவதற்கு ஒன்றுமில்லை. வெள்ளைப்படுதலில் நாற்றமோ, தயிர்த் திப்பி போன்ற தோற்றமோ, எரிச்சலோ இருந்தால், உள்ளாடையை மாற்றுவது மட்டும் போதாது. மருத்துவரைக் காண வேண்டும்.

ஒரு வதந்திக்கும் விடை சொல்லிவிடலாம். பிரா அணிந்தால், அல்லது கறுப்புப் பிரா அணிந்தால், மார்பகப் புற்றுநோய் வரும் என்று கைப்பேசிச் செய்திகள் சுற்றி வருகின்றன. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் மாதவிடாய் நின்ற பெண்களிடம் நடத்தி 2014-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், எத்தனை மணி நேரம் அணிந்தாலும், கம்பி வைத்ததை அணிந்தாலும், அதற்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு காணப்படவில்லை. மார்பில் கட்டியோ, காம்பில் கசிவோ, தோலில் குழிவோ இருந்தால் அதைக் காட்ட வாருங்கள். நிறத்தைப் பற்றிக் கவலை வேண்டாம்.

பேணுவோர் கவனத்துக்கு

நோயாளியைப் பேணும் உறவினர் உணவையும் மருந்தையும் மறப்பதில்லை, உள்ளாடையைக் கேட்பதில்லை. அறுவைச் சிகிச்சையால் குழந்தை பெற்ற தாய்க்குத் தையல் மீது எலாஸ்டிக் அழுந்தாதவாறு, தொப்புளுக்கு மேலேறும் தளர்வான பருத்தி உள்ளாடை வேண்டும். பாலூட்டும் தாய்க்கு இறுகிய பிரா பால் கட்டிக்கொள்ளக் காரணமாகலாம். கம்பியில்லாத, முன்புறம் திறக்கும், அளவு சரியானதே நல்லது. பால் கசிந்து நனைந்தால் உடனே மாற்ற வேண்டும்.

மார்பகம் நீக்கப்பட்ட பெண்ணுக்கு முதல் வாரங்களில் மென்மையான, முன்கொக்கி வைத்த, அகலத் தோள்பட்டை உள்ள உடை ஏற்றது. அக்குளில் நிணநீர் முடிச்சுகள் அகற்றப்பட்டிருந்தால், அந்தப் பக்கத் தோளில் ஆழ்ந்து பதியும் பட்டை கூடாது. காயம் ஆறிய பின், இழந்த மார்பின் இடத்தில் வைத்துக்கொள்ளும் சிலிக்கான் வடிவங்களும், பருத்தி நூலால் பின்னிய இலகுவான வடிவங்களும் உள்ளன. அவற்றை வைக்கப் பை தைத்த உள்ளாடைகளும் உண்டு. இதைக் கேட்க அப்பெண் தயங்குவாள். கணவரோ மகளோ முந்திக்கொண்டு செவிலியரிடம் கேட்பது, ஆயிரம் ஆறுதல் சொற்களுக்கு மேலானது.

படுக்கையில் கிடக்கும் முதியவளுக்குத் தையல் மடிப்பும் ஈரமும் படுக்கைப் புண்ணுக்கு வழி வகுக்கும். டயாப்பர் அணிவித்தால் நனைந்ததும் மாற்றி, துடைத்து, உலர்த்தி, அதன் பின்னரே அடுத்ததை அணிவிக்க வேண்டும். இருமும்போதும் தும்மும்போதும் சிறுநீர் கசிவதை மறைக்கப் பல தாய்மார் துணியை மடித்து வைத்துக்கொள்கிறார்கள். அது மூப்பின் தண்டனையன்று. பயிற்சியாலும் சிகிச்சையாலும் பலருக்குக் குறையக்கூடிய குறை.

செலவும் நாணமும்

இதற்கெல்லாம் பணம் ஏது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் நான் விலை உயர்ந்ததை வாங்கச் சொல்லவில்லை. பெண்ணின் உள்ளாடை கிழிந்தாலும் "உள்ளேதானே இருக்கிறது" என்று ஊசி நூலால் ஒட்டுப் போட்டு ஆண்டுக்கணக்கில் ஓட்டுவதும், அதே வீட்டில் ஒருநாள் கூத்துக்குப் பட்டு எடுப்பதும் எந்தக் கணக்கில் சிக்கனம்? ஒரு சேலையின் விலையைக் குறைத்தால் ஆண்டுக்கு வேண்டிய நல்ல பருத்தி உள்ளாடைகள் கிடைத்துவிடும். அறுவகை வேண்டாம்; துவைத்தது ஒன்று, உலர்வது ஒன்று, அணிந்தது ஒன்று என்று மாற்றுக்கு இருந்தால் போதும்.

இதெல்லாம் பொதுவில் பேசலாமா என்றும் கேட்கலாம். நம் தென் எல்லைக்கு அப்பால், அன்றைய தெற்குத் திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், நாடார் குலப் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகத் தாக்குதலையும் அவமதிப்பையும் தாங்கிப் போராடினார்கள். தலைமுறைக் காலம் நீண்ட அந்தத் தோள்சீலைப் போராட்டத்தின் முடிவில், 1859 ஜூலை 26-இல் மன்னர் உத்திரம் திருநாள் அவர்களுக்கு மார்பை மறைக்கும் உரிமையைப் பிரகடனம் செய்தார்; அதுவும் உயர்குலத்தாரைப் போல் உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு. பெண் எதை உடுத்தலாம் என்பதை ஊர் அத்தனை காலம் பேசியிருக்கிறது. அவள் உடுத்தியது அவள் உடலுக்கு இதமாக இருக்கிறதா என்பதை மட்டும் பேசாதிருப்பது எவ்வகையில் பண்பாகும்?

துணிக்கடை நடத்துவோருக்கும் ஒரு விண்ணப்பம்: உள்ளாடைப் பகுதியில் பெண் பணியாளரை நிறுத்துங்கள், ஒரு தையல் நாடாவையும் திரையிட்ட ஓர் அறையையும் கொடுங்கள். மருத்துவர்களாகவும் செவிலியர்களாகவும் இருக்கும் எங்களுக்கும் கடமை உண்டு. இடுப்பு நோவு, தோள் நோவு, படை என்று வரும் பெண்ணிடம் நாங்களே முதலில் கேட்க வேண்டும். அவள் சொல்லட்டும் என்று காத்திருந்தால் அவள் சொல்லமாட்டாள்.

அம்மா, அக்கா, ஆச்சி என்று நீங்கள் அழைக்கும் ஒருவர் வீட்டில் இருப்பார். இந்த வாரம் அவரிடம் மூன்று செய்திகளைக் கேளுங்கள்: இடுப்பில் நாடாத் தடம் அரிக்கிறதா, மாற்றிக்கொள்ள உலர்ந்த உள்ளாடை இருக்கிறதா, அதை உலர்த்த வெயில் படும் இடம் இருக்கிறதா. முதல் கேள்விக்கு ஆம் என்றால் புறநோயாளர் பிரிவுக்கு அழைத்து வாருங்கள். மற்ற இரண்டுக்கும் இல்லை என்றால், தீர்வு உங்கள் வீட்டிலேயே இருக்கிறது.